தாயம் விழாமை: ஒரு நிகழ்தகவியல் விசாரணை

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவு வரும் இடத்தில் நாணயம் சுண்டுகிறார்கள், பைக்குள் கைவிட்டுச் சிவப்புப் பந்தை எடுக்கிறார்கள், நன்கு கலைத்த 52 சீட்டுகளிலிருந்து ஒன்றை உருவுகிறார்கள். சீட்டுக்கட்டில்தான் சிக்கல். வீட்டில் அதைத் தொட்டால் முதுகில் விழும். பரீட்சையில் கறுப்பு ராஜா எத்தனை என்று தெரியாவிட்டால் மதிப்பெண் விழாது. (இரண்டு.) ஆகவே நல்ல பிள்ளைகள் சீட்டின் முகத்தையே பார்க்காமல் 26-ஐயும் 13-ஐயும் மனப்பாடம் செய்துகொண்டு தேர்வெழுதப் போகிறார்கள். அதே வீட்டுப் பரணில் பித்தளையால் ஆன இரண்டு நிகழ்தகவுக் கருவிகள் கறுத்துக் கிடக்கின்றன. கல்வியுலகம் அவற்றைக் கண்டுகொள்ளாத குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாயக்கட்டைக்கு நீளவாக்கில் நான்கு பட்டைகள். ஒன்றில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, இன்னொன்றில் மூன்று, மிச்சமுள்ளது வெறுமை. கட்டை நெட்டுக்குத்தாக நிற்காது; எனவே விடை நான்குதான். இரண்டு கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து உருட்ட வேண்டும். தேய்ப்பதால் முடிவு மாறாது என்பது கணிதத்தின் நிலைப்பாடு; தேய்க்காமல் போட்டால் செல்லாது என்பது அத்தையின் நிலைப்பாடு. கூட்டுத்தொகை 1 வந்தால் தாயம். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பூஜ்யம் என்று நினைப்பவர் வெளியூர்க்காரர், அது பன்னிரண்டு. ஒன்றுமில்லாததற்கு உச்ச மதிப்பு வழங்கும் இந்த விதியின் உட்பொருளைத் தத்துவத் துறைக்கு விட்டுவிடுகிறோம்.

இனி கூறுவெளி. முதல் கட்டைக்கு நான்கு, இரண்டாவதற்கு நான்கு, பெருக்கினால் 16. இங்கேயே முதல் ஆட்சேபம் எழுகிறது. “ரெண்டும் ஒரே மாதிரி கட்டை. இதுல ஒண்ணு அதுல வெறுமைன்னா என்ன, அதுல ஒண்ணு இதுல வெறுமைன்னா என்ன? ரெண்டும் ஒரே தாயம்தானே?” இக்கட்சியார் கணக்குப்படி மொத்தம் 10 விடைகளே உண்டு, தாயத்துக்கும் பத்தில் ஒன்று, பன்னிரண்டுக்கும் பத்தில் ஒன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதே போன்ற மயக்கத்தோடு இத்தாலியில் கலிலியோவிடமும் வந்திருக்கிறார்கள். மூன்று பகடைகளில் 9 வருவதற்கும் 10 வருவதற்கும் ஆறாறு சேர்க்கைகள்தாமே, பிறகு ஏன் 10 சற்று அதிகமாக விழுகிறது என்பது கேள்வி. வரிசையையும் கணக்கில் எடுத்து, 216-ல் ஒன்றுக்கு 25 வழி, மற்றதற்கு 27 வழி என்று எண்ணிக் காட்டினார் அவர். நமக்கு அத்தனை பாடு வேண்டாம். ஒரு கட்டைக்குக் குங்குமப் பொட்டு வைத்தால் போதும். பொட்டு வைத்த கட்டையில் ஒன்று விழுவதும் வைக்காததில் ஒன்று விழுவதும் இப்போது கண்ணுக்கே வேறு வேறு. பொட்டு வைத்ததால் பித்தளையின் புத்தி மாறியிருக்காது என்பதை ஒப்புக்கொண்டால், பொட்டுக்கு முன்பும் அவை வேறு வேறாகவே இருந்தன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்சேபம் தள்ளுபடி.

பதினாறையும் பிரித்து வைத்தால் 3 நான்கு வழியில் விழுகிறது. 2-ம் 4-ம் மும்மூன்று. தாயமும் ஐந்தும் இவ்விரண்டு. ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொன்று. ஆக, தாயம் விழ வாய்ப்பு எட்டில் ஒன்று. “அப்போ எட்டு தடவை போட்டா ஒண்ணு விழுந்துடணும்” என்பது அடுத்த பிழை. 7/8-ஐ எட்டு முறை பெருக்கிப் பாருங்கள், 0.34 மிஞ்சும். எட்டு உருட்டலுக்குப் பிறகும் மூன்றில் ஒருவருக்கு மேல் வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான்கு பேர் ஆடினால், ஆளுக்கு எட்டு உருட்டல் முடிந்த நிலையில் குறைந்தது ஒருவராவது காய் இறக்காமல் இருக்க 81 சதவீத வாய்ப்பு. அதாவது தாயம் ஆடும் வீட்டில் ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பது விபத்தல்ல, இயல்பு நிலை. அந்தப் பிள்ளையிடம் “ஏழு தடவை விழலை, இப்போ கண்டிப்பா விழும்” என்று ஆறுதல் சொல்வது அன்பு, ஆனால் கணிதமல்ல. முந்தைய ஏழும் கட்டைக்கு ஞாபகமில்லை. “அவன் கைராசி அப்படி” என்னும் எதிர்க்கட்சிக்கும் இதே பதில்தான். இரண்டு கட்சியும் ஒரே திண்ணையில், சில சமயம் ஒரே வாயில், அடுத்தடுத்த நிமிடங்களில் கேட்கக் கிடைக்கும்.

பித்தளைக் கட்டை இல்லாத இடத்தில் சோழியும், ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டையும் வேலை செய்யும். சோழி குப்புற விழுவதும் மல்லாந்து விழுவதும் சம வாய்ப்பு என்று எந்தச் சோழியும் உறுதிமொழி தந்ததில்லை. புத்தகத்தில் ‘சீரான’ என்று அச்சடித்துவிட்டால் சீராகிவிடும். கொட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது. மேலே செல்வோம்.

வரலாறு இல்லாமல் ஆய்வு இல்லை. 1654-ல் பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டக் கணக்குகளை வைத்து எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து நிகழ்தகவியல் தொடங்கியதாகச் சொல்வார்கள். நளன் கதையில் இருதுபர்ணன் ஓடும் தேரிலிருந்தபடி ஒரு தான்றி மரத்தின் காய்களை இத்தனை என்று சொல்ல, நளன் இறங்கி எண்ணிப் பார்க்கச் சரியாக இருக்கிறது. பிறகு அவன் குதிரை வித்தையைக் கொடுத்து அந்த எண் வித்தையை வாங்கிக்கொண்டு சூதில் நாட்டை மீட்கிறான். மாதிரிக் கணக்கெடுப்பையும் சூதையும் ஒரே பாடமாக நடத்திய முதல் ஆசிரியர் இருதுபர்ணன் என்பது எமது துணிபு. வள்ளுவரோ 94-ஆம் அதிகாரத்தில் சூதை வைத்தார்; முன்னால் கள்ளுண்ணாமை, பின்னால் மருந்து. அந்த வரிசைக்கு உரை தேவையில்லை. ஆனாலும் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கத் தாயம் ஆடுவதைப் பெரியவர்கள் ஆட்சேபிப்பதில்லை. ஆண்டுக்கு ஓர் இரவு நிகழ்தகவுக்கு மோட்சத்தில் இடமுண்டு.

காய் இறங்கிவிட்ட பிறகு ஒரு முறைக்கு எத்தனை கட்டம் நகரலாம்? ஓர் உருட்டலின் சராசரி 60/16, அதாவது 3.75. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். அதற்கான வாய்ப்பு எட்டில் மூன்று. எனவே ஒரு முறைக்குச் சராசரி 1.6 உருட்டல். பெருக்கினால் மிச்சம் மீதியின்றி 6. இத்தனை சுத்தமான விடை தேர்வுத்தாளில் வந்தால் மாணவர்களே சந்தேகப்படுவார்கள். வீட்டுக்கு வீடு விதி மாறும். மாறாத வீட்டுக்கு இது பொருந்தும்.

தீராமல் நிற்பது பதினேழாவது விடை. உருட்டிய கட்டைகளில் ஒன்று பீரோவுக்கு அடியில் போய்விடுவதை எந்தப் பாடநூலும் கூறுவெளியில் சேர்ப்பதில்லை. ஆனால் தரை வழவழப்பான வீடுகளில் இது ஆறைவிட அடிக்கடி விழுவதாகத் தோன்றுகிறது. மறுபடி போடு என்போர் ஒரு சாரார். விழுந்தது விழுந்ததுதான், எட்டிப் பார்த்துச் சொல் என்போர் மறு சாரார். இரண்டாம் தரப்பு வென்றால் உருட்டியவரே குனிந்து, கன்னத்தைத் தரையில் வைத்து, வெளக்குமாற்றுக் குச்சியால் தள்ளி எடுப்பது வழக்கம். வெளியே கிடக்கும் கட்டை ஒன்று, உள்ளே கிடப்பதை அவர் ஒருவர் மட்டுமே பார்த்தார் என்னும் நிபந்தனையில், அது வெறுமையாக இருக்கும் நிகழ்தகவைக் கால்பங்கு என்கிறது கணிதம். நடைமுறையில் அது ஒன்றை மிக நெருங்கிவிடுகிறது.