செங்கம் ரோட்டு நீதிபதிகள்

சீரியல் நீதிபதி என்பவர் சட்டம் படிக்காதவர், கறுப்பு கவுன் போடாதவர், சம்பளம் வாங்காதவர். தொலைக்காட்சித் தொடரில் போலீஸ் ஜீப் வந்து நின்றாலோ, கோர்ட் கூண்டு தெரிந்தாலோ இவரது அதிகாரம் தொடங்கிவிடும். தமிழ்நாடெங்கும் காணப்படும் இந்த இனம், திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நன்றாகச் செழிக்கிறது. காரணம் உண்டு. செங்கம் ரோட்டின் இருபுறமும் ஓய்வூதியக்காரர்கள் கணிசம், பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள், மாலைகள் நீளமானவை. பகலெல்லாம் ரமணர் சொன்னபடி ‘நான் யார்?’ என்று விசாரித்துக் களைத்தவர்களுக்கு, ராத்திரியில் ‘கொலைகாரன் யார்?’ என்று விசாரிப்பது இளைப்பாறல்.

ஆசிரமத்தில் மாலைப் பாராயணம் முடிந்து, வீட்டில் இட்லியும் இறங்கிய பிறகு அமர்வு கூடும். அமர்வுக்கு ஒரு டி.வி., ஒரு ரிமோட், எதிர்க்கருத்துச் சொல்ல ஓர் ஆள் போதும். ஆள் கிடைக்காவிட்டால் மறுநாள் காலை டீக்கடையிலோ, தண்ணீர் கேன் போட வருபவரிடமோ வாதம் நடக்கும்.

இவர்களில் நான்கு பிரிவுகள் உண்டு.

முதலாவது, தடயவியல் பிரிவு. பெரும்பாலும் வங்கியிலோ ரயில்வேயிலோ இருந்து, வடக்கே மாற்றலாகிப் போன இடத்தில் இந்தி கற்றவர்கள். இவர்களுடைய வேதம் சோனி தொலைக்காட்சியின் ‘சி.ஐ.டி.’ 1998 ஜனவரியில் தொடங்கி 2018 அக்டோபர் வரை 1,500-க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடிய தொடர் அது. 2004-ல் ஒரு பகுதியை 111 நிமிடம் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்ததைத் தங்கள் சொந்த சாதனையாகவே இவர்கள் சொல்வார்கள். ஏ.சி.பி. பிரத்யுமன் கையைத் திருகி யோசித்தால் சோபாவிலும் ஒரு கை திருகும். அவரது குழுவின் தயா கதவை உடைப்பதை 20 ஆண்டுகள் பார்த்தவர்கள். அந்த வீடுகளில் காலிங் பெல் இருந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. 2024 டிசம்பரில் தொடர் மறுபடி வந்தபோது, ரிட்டயரானவருக்கு எக்ஸ்டென்ஷன் ஆர்டர் வந்ததைப் போலப் பூரித்துப்போனார்கள்.

இரண்டாவது, குடும்ப நீதிப் பிரிவு. எண்ணிக்கையில் இதுவே பெரிது. 1990-ல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் ‘லா அண்டு ஆர்டர்’, முதல் பாதி போலீசுக்கு, மறுபாதி கோர்ட்டுக்கு என்று பாகம் பிரித்துக் கொடுத்தது. தமிழ்த் தொடரில் இரண்டுக்கும் நடுவே சமையலறை வரும்; வழக்கு உண்மையில் தீர்வதும் அங்கேதான். விஜய் டி.வி.யில் 2020 முதல் 2023 வரை ஓடிய ‘ராஜா ராணி 2’-வின் நாயகி சந்தியாவுக்கு ஐ.பி.எஸ். ஆவது கனவு, கணவன் சரவணன் இனிப்புக் கடைக்காரர். பெண்களுக்கு ஊக்கம் தரும் கதை இது என்பதில் இந்தப் பிரிவுக்கு மறுப்பில்லை. தீர்ப்பில் மட்டும் ஒரு நிபந்தனை சேர்ந்தது: “போலீஸ் ஆவட்டும், யாரு வேணாம்னா? காலைல வாசல் தெளிச்சுக் கோலம் போட்டுட்டுப் போவட்டும்.”

மூன்றாவது, சட்டப் பிரிவு. இவர்கள் எண்களால் ஆனவர்கள். கத்தி தெரிந்தால் 307, ரத்தம் தெரிந்தால் 302, சிரித்துக்கொண்டே ஒருவன் பணம் கேட்டால் 420. 2024 ஜூலை 1-ஆம் தேதி இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து, கொலை முயற்சி 109 ஆகவும், கொலை 103 ஆகவும், மோசடி 318 ஆகவும் மாறியதில் இவர்களுக்கு நேர்ந்த இழப்பு பெரிது. 40 ஆண்டு படம் பார்த்துச் சேர்த்த அறிவு ஒரே ராத்திரியில் செல்லாமல் போயிற்று. சில வசனகர்த்தாக்களுக்கும் பழைய எண்ணே நாவில் நிற்பதால், டி.வி.க்கு முன்னால் இவர்களுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது.

நான்காவது, வாய்தாப் பிரிவு. சிறுபான்மையினர், ஆனால் நிஜமாகவே கோர்ட் படி ஏறியவர்கள். வேலித் தகராறோ பாகப்பிரிவினையோ அப்பா காலத்திலிருந்து இவர்கள் பெயரில் நடந்துகொண்டிருக்கும். நீதிபதி சுத்தியலால் தட்டினால் இவர்களுக்குப் பொறுக்காது. இந்திய நீதிமன்றங்களில் அந்த வழக்கமே இல்லை. சாட்சி கீதையில் கைவைத்தாலும் பொறுக்காது. 1969-ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டப்படி புனித நூல் எதையும் தொடத் தேவையில்லை. எல்லாவற்றையும்விட, வாதம் முடிந்த அன்றே தீர்ப்பு வருவதைத்தான் இவர்களால் தாங்க முடிவதில்லை. “டவாலி இன்னும் பேரையே கூப்பிடல, அதுக்குள்ள தீர்ப்பா?” என்பார்கள்.

நான்கு பிரிவுக்கும் நடைமுறை ஒன்றே: தீர்ப்பு முதலில், விசாரணை பிறகு. குற்றவாளி யார் என்பது அவன் திரையில் தோன்றும்போதே முடிவாகிவிடும். அடர்ந்த மீசை, பெண்ணானால் தீட்டிய புருவம், நடக்கும்போது பின்னணியில் அதிரும் இசை இருந்தால் போதும்; வேறு ஆதாரம் கேட்பது சந்தேகப் பிராணிகளின் வேலை. அதன்பிறகு நூற்றுக்கணக்கான பகுதிகளில் தொடர் செய்வதெல்லாம் இவர்களிடம் மேல்முறையீடு செய்வதுதான். பெரும்பாலும் தள்ளுபடியாகும்.

தீர்ப்பு நாளில் இந்த நடைமுறையைத் துலக்கமாகக் காணலாம். நீதிபதி கோப்பைப் பிரிக்கிறார். நாயகி முகம், மாமியார் முகம், வக்கீல் முகம் என்று வரிசையாக வருகின்றன. மின்விசிறியும் ஒருமுறை வருகிறது. மறுபடி அதே முகங்கள், இப்போது இன்னும் பக்கத்தில். கதவருகே யாரோ “நிறுத்துங்க!” என்கிறார். தொடரும். மறுநாள் அதே முகங்கள், அதே விசிறி. வந்தவர் முக்கியச் சாட்சி. “இவன் வருவான்னு போன மாசமே சொன்னேன்ல?” என்கிறார் சோபாவில் இருப்பவர். அவர் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் குறுக்கு விசாரணை செய்ய ஆள் இல்லை. எல்லோரும் தாங்களும் சொன்னதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆள் அடையாள விஷயத்தில் இந்த மன்றம் தாராளமானது. ‘ராஜா ராணி 2’-ல் சந்தியாவாக ஆல்யா மானசா, ரியா விஸ்வநாதன், ஆஷா கவுடா என மூன்று பேர் அடுத்தடுத்து வந்தனர். நிஜக் கோர்ட்டில் ஆள்மாறாட்ட வழக்காகியிருக்கும். இங்கே ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். கறாராக இருந்தது சன் டி.வி.யின் ‘எதிர்நீச்சல்’ விஷயத்தில்தான். அதன் வில்லன் ஆதி குணசேகரனுக்கு ஒன்றரை ஆண்டாகத் தினமும் ஆயுள் தண்டனை விதித்தவர்களே, 2023 செப்டம்பரில் அவராக நடித்த மாரிமுத்து மறைந்தபோது கண்கலங்கினார்கள். அந்த நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்தாலும் திட்டு பழைய வேகத்தில் வரவில்லை என்பது அவர்கள் வாக்குமூலம்.

இவர்கள் காட்டும் முன்னுதாரணங்கள் பெரும்பாலும் சினிமாவிலிருந்து வருபவை. 1952-ல் ‘பராசக்தி’ கூண்டையே மேடையாக்கியது. 1973-ல் ‘கௌரவம்’ பாரிஸ்டரை வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தியது. 1984-ல் ‘விதி’யின் கோர்ட் வசனங்கள் ஒலிநாடாவாக டீக்கடைகளில் முழங்கின. வக்கீல் என்றால் மூச்சுவிடாமல் பேசவேண்டும் என்ற விதி இப்படித்தான் நிலைபெற்றது. மனுவைத் தாக்கல் செய்துவிட்டு மெல்லிய குரலில் தேதி கேட்கும் நிஜ வக்கீலைப் பார்த்தால் இவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

உள்ளூரிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1924 ஜூன் 26 அன்று இரவு ரமணாசிரமத்துக்குத் திருடர்கள் வந்தார்கள். கதவைத் திறந்துவிடுவோம், வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்றார் ரமணர். தொடையில் அடி விழுந்தபோதும், திருப்பி அடிக்கத் துடித்த அன்பரைத் தடுத்துவிட்டார். திருடர்களுக்குக் கிடைத்ததோ சொற்பம். பின்னர் போலீஸ் அவர்களைப் பிடித்தது. இந்த நிகழ்ச்சியைப் பக்தியோடு சொல்லாத சீரியல் நீதிபதி இப்பகுதியில் இல்லை. தொடராக எடுத்தால் ஓடாது என்பதிலும் நான்கு பிரிவுக்கும் ஒரே கருத்துதான். பழிவாங்காத பாதிக்கப்பட்டவரை வைத்து இரண்டாம் நாள் என்ன காட்டுவது? கதவைத் திறந்தே வைத்துவிட்டால் தயாவுக்குத்தான் என்ன வேலை?

பௌர்ணமி அன்று முழு அமர்வு கூடும். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து வீங்கிய காலோடு வந்த சொந்தக்காரர்கள் கூடம் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். வேலூர்ச் சித்தி ஒரு தீர்ப்பு சொல்வார், திண்டிவனம் மாமா வேறு சொல்வார். கதை தெரியாதவர்கள்தான் அதிகம் வாதாடுவார்கள்.

நிஜச் சட்டத்தோடு இவ்வினத்துக்கு உறவு குறைவு. கிரிவலக் கூட்டத்தில் வீட்டு விருந்தாளி ஒருவரின் செல்போன் காணாமல் போனால் இது தெரியவரும். தடயவியல் பிரிவு கடைசியாகப் போன் பேசிய இடத்தைக் கேட்டுவிட்டுக் கையைத் திருகும். சட்டப் பிரிவு பழைய எண்ணா புதிய எண்ணா என்று குழம்பும். குடும்ப நீதிப் பிரிவு, “ஸ்டேஷனுக்கா? எதுக்கு வம்பு, போனது போவட்டும்” என்று வழக்கை முடித்துவைக்கும். கடைசியில் வாய்தாப் பிரிவுக்காரர்தான் சட்டையை மாட்டிக்கொண்டு கூடப் போவார், ஐ.எம்.இ.ஐ. எண் உள்ள பில்லை எடுத்துவரச் சொல்பவரும் அவரே. ரைட்டர் வரும்வரை பெஞ்சில் காத்திருந்து, புகாரை இரண்டு முறை திருத்தி எழுதி, சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்புவார். அன்றைய தொடரில் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று, நாயகிக்குத் தண்ணீர் கொடுத்து, எதையும் எழுதாமலே ஜீப்பில் கிளம்பிக் கொண்டிருப்பார். “இதுல லாஜிக்கே இல்ல” என்று வாய்தாக்காரர் தீர்ப்பளிப்பார். முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவார்.