மை பார்க்கும் ஆசாரியார்

திருப்பூரிலே சாயம் என்பது ஏற வேண்டிய துணியில் ஏறிக்கொண்டு, பிறகு உலகம் புரண்டாலும் வேறெதிலும் ஒட்டாமல் இருக்க வேண்டிய வஸ்து. ஒரு சிறு இயந்திரத்தின் விரலிலே வெள்ளைத் துணித் துண்டைக் கட்டி, சாயமேற்றிய பனியன் துணியின்மீது பத்து முறை முன்னும் பின்னுமாகத் தேய்த்து, வெள்ளையில் எவ்வளவு கறை ஏறியிருக்கிறது என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் பரிசோதனைச் சாலைகள் இவ்வூரில் உண்டு. அந்த மதிப்பெண் ஒரு படி இறங்கினால் கடல் கடந்த வியாபாரி முகத்தைச் சுளிப்பான், கம்பெனி முதலாளிக்கு அன்றைய நித்திரை போகும். இப்படிப்பட்ட ஊரிலே, தொட்ட மாத்திரத்தில் மற்றொன்றின்மீது ஒட்டாத சாயம் சாயமே அன்று என்ற சித்தாந்தத்தை உடையவராய், அச்சாயத்தை ஒரு பழைய பல்பொடி டப்பாவில் அடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடும் பிரகிருதி ஒருவர் உண்டென்றால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார். உள்ளூர்க்காரருக்கு அவரை நன்றாகத் தெரியும். பல்லடம் சாலையிலோ காங்கயம் சாலையிலோ, ஏதேனும் ஒரு பட்டறையின் பின்புறத்துத் தகரக் கொட்டகையில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு மரத்துண்டின் குழியை உற்றுப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார்.

அவருடைய வித்தையின் மூலஸ்தானம் துப்பாக்கி. இரும்புக் குழலையும் அதன் விசைப்பெட்டியையும் மரக்கட்டைக்குள் பதிப்பது சாதாரணத் தச்சுவேலை என்று எண்ணுவோர், தோட்டா முன்னோக்கிப் பாயும் அதே கணத்தில் இரும்பு பின்னோக்கி உதைக்கிறது என்பதை மறந்தவர்கள். அந்த உதையை மரம் தன் மார்பு முழுவதாலும் சமமாக வாங்கிக்கொள்ள வேண்டும்; எங்கேனும் ஒரு மூலையில் மட்டும் இரும்பு முட்டிக்கொண்டிருந்தால், பத்தாவது வெடிக்கோ நூறாவது வெடிக்கோ அவ்விடத்தில் கட்டை பிளந்துவிடும். ஆனால் குழிக்குள்ளே எந்த இடம் முட்டுகிறது, எந்த இடம் முட்டவில்லை என்பதைக் கண் எப்படி அறியும்? அதற்குத்தான் மை. இரும்பின் மேல் மையை மெல்லிசாகத் தடவி, குழிக்குள் இறக்கி, கொட்டாப்புளியால் மிருதுவாக ஒரு தட்டுத் தட்டி, நேராக மேலே தூக்கிவிட்டுப் பார்த்தால், மேடு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் மரத்தில் கறுப்பு விழுந்திருக்கும். கறுப்பு விழுந்த இடத்தை மாத்திரம் உளிமுனையால் ஒரு மயிரிழை சுரண்டவேண்டும். மறுபடி மை, மறுபடி தட்டு, மறுபடி தூக்கு. முதலில் இரண்டு மூன்று பொட்டுகளாக விழுந்த மை, சிறிது சிறிதாகப் பரவி, குழி முழுவதும் ஒரே சீராகப் படியும் வரையில் இந்தக் கிரியை நடைபெறும். ஒரு கட்டைக்கு இது எத்தனை தடவை நிகழும் என்று ஆசாரியாரைக் கேட்பது அவமரியாதை; எண்ணிக்கொண்டு சுரண்டுகிறவன் சுரண்டக் கூடாது என்பது அவர் கட்சி.

மையை அப்பித் தடவுகிறவர்களை அவர் மனிதராகவே கருதுவதில்லை. கனமாகத் தடவிய மை மேட்டிலும் விழும், பள்ளத்திலும் வழியும்; அதை நம்பிச் சுரண்டுகிறவன் சுரண்டக்கூடாத இடத்தைச் சுரண்டி, இடைவெளியைத் தானே உண்டாக்கிக்கொண்டு, பிறகு மரத்தின்மீது பழி போடுவான். "மை சாஸ்தியானா பொய் பேசுமுங்க" என்று அவர் சொல்லும்போது, எதிரே நிற்பவர் நாலு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று தம்மையே சந்தேகித்துக்கொள்ள நேரிடும்.

மை தயாரிப்பதிலே அவருக்குள்ள சிரத்தையை வைத்தியரிடமும் காண்பது அரிது. ஆமணக்கெண்ணெய் விளக்கை ஏற்றி, அதன் சுடருக்கு மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியை வழித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைப்பார். பிறந்த குழந்தைக்குக் கண்மை கூட்டுகிற முறையும் இதுவே ஆதலால், அவர் வீட்டில் பேத்திக்கென்று கூட்டி வைத்த மை பட்டறைக்குப் போவதும், பட்டறை மை தொட்டிலுக்கு வருவதும் சகஜம். அக்ரூட், ஈட்டி போன்ற கருமரங்களில் கரி எடுபடாது; அங்கே நீலம் வேண்டும். பட்டறைகளில் எண்ணெயில் குழைத்துத் தகடும் பேரிங்கும் ஒத்துப் பார்க்க உபயோகிக்கும் பிரஷ்ய நீலம் அவரிடம் எப்போதும் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்துச் சாயக்காரர் ஒருவர் சிவப்பு நிறம் செய்ய முயன்று, கலப்படமான சரக்கினால் தவறிப் பிறந்த நிறம் அது. சிவப்புக்கு ஆர்டர் வாங்கி நீலத்தை இறக்கிய அம்மனிதர் திருப்பூரில் பிறந்திருந்தால் சரித்திரத்தில் இடம்பெற்றிருக்கமாட்டார், கடனாளிகளின் பட்டியலில் இடம்பெற்றிருப்பார்.

மேல்நாட்டுத் துப்பாக்கிக் கம்மியர்களில் சிலர் இதே காரியத்துக்கு உதட்டுச்சாயத்தை உபயோகிக்கிறார்கள் என்ற சமாசாரம் எவர் மூலமாகவோ அவர் காதில் விழுந்துவிட்டது. எழுபது வயதைக் கடந்த அம்மனிதர் மறுநாளே ஃபேன்ஸி ஸ்டோரின் படியேறினார்.

"என்ன ஷேடுங்க வேணும்?" என்றாள் கடைப்பெண்.

"தேக்குல எடுப்பாத் தெரியோணுமுங்க."

"யாருக்குங்க தாத்தா?"

"கதவுக்குங்க."

அத்தோடு நில்லாமல், நாலைந்து குச்சிகளைத் திறந்து கடையின் மரப்பலகைமீது கீறிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்றும், அந்தக் கடைக்கு அவர் வீட்டுப் பெண்டிர் இப்போதெல்லாம் போவதில்லை என்றும் கேள்வி.

கதவுக்கு ஏன் வந்தார் என்று சொல்ல வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். வாலிபத்தில் உரிமம் பெற்ற கடையொன்றில் தொழில் பழகியவர், கடை மூடியபின் அந்த வேலையைத் தொட நியாயமில்லை. தொட நியாயமிருந்தாலும் வேலை வருமா என்பது வேறு விஷயம். மலையடிவாரத் தோட்டங்களில் எஞ்சியிருக்கும் சில துப்பாக்கிகள் தேர்தலுக்குத் தேர்தல் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப்பட்டு ஓய்வெடுக்கின்றன. ராணுவத்தின் பழைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கு மரக்கட்டை இருந்தது, பின்னால் வந்த இன்சாஸுக்கு அதுவும் பிளாஸ்டிக்காகிவிட்டது. ஆகவே அவருடைய உளியும் மையும் பனியன் முதலாளிகளின் புதுவீட்டுத் தேக்குக் கதவுகளின் மீது திரும்பின.

ஒரு பூட்டைக் கதவுக்குள் பதிப்பதற்கு மற்ற ஆசாரிகள் ஒரு முற்பகல் எடுத்துக்கொள்வார்கள். இவர் பூட்டின் ஆறு பக்கங்களுக்கும் மை பூசுகிறார். கிரகப்பிரவேசத்துக்கு இரண்டே நாள் இருக்கையில், கைப்பேசியும் கையுமாக வந்து நிற்பார் முதலாளி.

"ஏனுங்க ஆசாரியாரே, பூட்டு மாட்டியாச்சுங்களா?"

"மாட்டறதுக்கென்னங்க, முந்தாநேத்தே மாட்டியிருக்கலாம். உக்கார வேண்டாமுங்களா?"

"ராத்திரி கெளம்புன கன்டெய்னரு காலைல தூத்துக்குடில நிக்குதுங்க. இந்தப் பூட்டு கதவுக்குள்ள போறதுக்கு மூணு நாளுங்களா? நாளான்னைக்குப் பால் காய்ச்சோணுமுங்க!"

"பால் காயறதுக்குப் பூட்டு எதுக்குங்க? அன்னிக்குப் பூரா கதவு தொறந்துதானுங்களே கெடக்கும்?"

இதற்கு மறுமொழி கூற முடியாமல் முதலாளி நிற்கும் சமயத்தில், ஆசாரியார் பூட்டை உருவி, குழியின் ஓரத்தில் கடுகளவு விழுந்திருக்கும் சிவப்பைக் காட்டி, அது என்னவோ முதலாளியின் ஜாதகத்தில் உள்ள தோஷம் என்பதுபோல் பெருமூச்சு விடுவார். சந்தில் கொஞ்சம் ஃபெவிகாலோ எம்-சீலோ வைத்து அடைத்துவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் தீர்ந்தது. உளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே பசையைக் கொட்டி நிரப்புவது அவர் அகராதியில் கள்ளக் கையெழுத்துக்குச் சமானம். துப்பாக்கி வேலையிலும் இக்காலத்தில் பிசின் வார்த்துப் பதிப்பது வழக்கமாகிவிட்டது, அது நன்றாகவே உழைக்கிறது என்பதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

இந்த மை அவருடைய நகக்கண்களிலிருந்து எந்நாளும் நீங்குவதில்லை. டீக்கடைத் தம்ளரிலும், நாளிதழின் ஓரத்திலும், கல்யாண வீட்டுச் சந்தனக் கிண்ணத்திலும் அவர் வந்து போன தடயம் இருக்கும். 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நொய்யல் ஆற்றைக் கெடுத்த குற்றத்துக்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட நாட்களில், ஊருக்குள் கையில் சாயத்தோடு கவலையற்றுத் திரிந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருந்திருப்பார்.

தேர்தல் நாள் மட்டும் அவருக்குச் சோதனை. வாக்களிக்க வருகிறவரின் இடது ஆள்காட்டி விரலில் முன்பே மை இருக்கிறதா என்று பார்ப்பது சாவடி அதிகாரியின் கடமை. இவர் நீட்டும் விரலிலோ மையில்லாத இடத்தைத் தேட வேண்டும். வரிசை பின்னால் முணுமுணுக்க, இது துப்பாக்கி மை, அல்ல, கதவு மை என்று இவர் விளக்க, துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் வாசலில் நின்ற போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்ப்பார். கடைசியில் தேங்காயெண்ணெய்த் துணியால் விரலைத் துடைத்துக் காட்டி, தம் மை போகும், சர்க்கார் மை போகாது என்ற வித்தியாசத்தை நிரூபித்துவிட்டே ஓட்டுப் போடுவார். மைசூர்த் தொழிற்சாலையிலிருந்து 1962 முதல் வந்துகொண்டிருக்கும் அந்த வெள்ளி நைட்ரேட்டு மையை அவர் மதிப்பதே இல்லை. தொட்டதைச் சொல்லிவிட்டுத் துடைத்தால் போய்விடுவதல்லவா மரியாதையுள்ள மை என்பார்.

கதவைப் பற்றிச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. அவர் பதித்த பூட்டு பத்து மழைக்காலம் கண்டபின்பும் ஒரு விரலின் அழுத்தத்தில் மூடிக்கொள்ளும். திருகாணிகளைக் கழற்றிவிட்டாலும் தானாக வெளியே வராது. அவரைத் திட்டிய முதலாளிகளே தம் மகனுக்கு வீடு கட்டும்போது மீண்டும் ஆள் அனுப்பி அவரைத்தான் அழைக்கிறார்கள்.

ஆகவே புதுவீடு கட்டும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: அஸ்திவாரம் போடும்போதே ஆசாரியாரிடம் சொல்லி வையுங்கள், கிரகப்பிரவேசத் தேதியைக் கேட்டால் உள்ளதற்குப் பத்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள், கூலியை மட்டும் நாட்கணக்கில் பேசிவிடாதீர்கள், பூட்டுக்கணக்கில் பேசுங்கள்.