சாமியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

பக்தி குறைந்ததால் தற்கொலை பெருகிவிட்டது என்பார் ஆலயத் தலைவர். கழுத்தில் மாலை, கையில் மைக். பக்திதான் ஆளைக் கோழையாக்கியது என்பார் பகுத்தறிவுப் பேச்சாளர். மூன்றாமவர் மெத்தப் படித்தவர். இந்துவுக்கு மறுபிறவி உண்டு, அதனால் போவது சுலபம் என்பார். மூவருக்கும் பொன்னாடை உண்டு.

மலேசியாவின் பெண்டாங் பக்கத் தோட்டங்களில் நம்பிக்கைக்கு என்ன பஞ்சம்? முனியாண்டி இருக்கிறார், மாரியம்மன் இருக்கிறாள். அப்படியும் தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் 2008, 2009 அறிக்கைகளில், இன வாரி விகிதத்தில் முதலிடம் இந்தியர்களான நமக்கு. எதில்தான் முதலிடம் வாங்கினோம் பாருங்கள்!

சாமியை விடுங்கள், கைக்கு எட்டிய நஞ்சைப் பாருங்கள். செம்பனைத் தோட்டத்துப் புல்லுக்கு அடித்த பாராகுவாட்டுக்கு 2002-இல் தடை வந்தது. 2006-இல் தளர்ந்தது. அதே 2006-இல்தான் பத்துமலையில் 42.7 மீட்டர் முருகன் எழுந்தார். அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கீழே புல்லு மருந்து திரும்பி வந்ததை யார் பார்த்தது? முழுத் தடைக்கு 2020 வரை காத்திருந்தோம்.

இலங்கையில் 1995-இல் லட்சத்துக்கு 47 பேர் போனார்கள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடுத்தார்கள். இருபது ஆண்டுகளில் விகிதம் சுமார் 70 சதவீதம் சரிந்தது. அதற்காக அங்கே யாரும் மதம் மாறவில்லை.

நம்பிக்கை காக்காது என்று சொல்லவில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலையில் இறந்தவர்களிடம் கடவுள் நம்பிக்கை குறைவாகவே இருந்தது. ஆனால் அவர்களில் 11 சதவீதம் பேர் நம்பிக்கையை இழந்தது கடைசி மூன்று மாதத்தில். அந்த மூன்று மாதம் கோயிலுக்கு வராதவன் வீட்டுக் கதவை எந்த நிர்வாகக் குழு தட்டியது? சந்தா பாக்கி என்றால் மட்டும் வீடு தெரியும்.

அரசாங்கம் மட்டும் என்ன? தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்து எழுந்தவன்மேல் வழக்குப் போட்டது. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கடனில் மூழ்கியவனுக்கு அபராதம்! வெள்ளைக்காரன் வைத்துப்போன இந்தக் கூத்தை நாடாளுமன்றம் நிறுத்தியது 2023-இல்தான். அதுவரை, மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வருமென்று பயந்த குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது?

சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. மொத்தம் ஐந்தே இலக்கம். கோயில் சுவரில் உபயதாரர் பெயர்களுக்கு நடுவே அதற்கு இடம் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு நன்கொடை என்று கேட்பார்கள்.