அன்னவாசல் கொல்லைக்கேற்ற ராஸ்பெரி ரகம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசலில் ராஸ்பெரி விளைந்ததற்குத் தொல்லியல் சான்று ஏதும் இல்லை. பக்கத்துச் சித்தன்னவாசல் அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியவர்கள் மீன், பறவை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள் என எதையும் விட்டுவைக்கவில்லை. ராஸ்பெரிப் புதரை மட்டும் விட்டுவிட்டார்கள். அதே குன்றிலுள்ள ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கையில் வெட்டிய தமிழ் பிராமி எழுத்திலும் தோட்டக்கலைக் குறிப்பு காணோம். ஆகவே இத்துறையில் எமக்கு முன்னோடிகள் இல்லை. ஓர் ஆய்வாளருக்கு இப்படி எழுத வாய்ப்பது அபூர்வம்.

ரகங்களுக்குப் பஞ்சமில்லை. நியூயார்க் மாநிலத்து ஜெனீவா ஆராய்ச்சி நிலையம் 1969இல் வெளியிட்ட ‘ஹெரிட்டேஜ்’ உண்டு. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் தந்த ‘ஆட்டம் பிளிஸ்’, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்த ‘டுலமீன்’, முள்ளே இல்லாத ‘ஜோன் ஜே’ எல்லாம் உண்டு. பழம் பெரிதா, சீக்கிரம் காய்க்குமா, நோய் தாங்குமா என்று சீமைத் தோட்டக்காரர்கள் இவற்றில் பொறுக்கி எடுக்கிறார்கள். அன்னவாசல்காரர் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: குளிருக்கு எங்கே போவது?

பெரும்பாலான ராஸ்பெரி ரகங்கள் ஒழுங்காகப் பூத்துக் காய்க்க, 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 800 மணி நேரத்துக்கு மேல் உறங்கி எழ வேண்டும். மார்கழி விடியலில் குல்லாவும் துண்டுமாக அன்னவாசல் பேருந்து நிறுத்தத்தில் நடுங்கும் பெரியவரைச் சுற்றிலும்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஊரில் 7 டிகிரிக்குக் கீழே இருக்கும் ஒரே நிலப்பரப்பு ஃப்ரிட்ஜின் உட்புறம்.

இந்தச் சாத்தியத்தையும் ஆராயாமல் விடவில்லை. தாராளமாக 1,000 மணி நேரம் என்று வைத்தால் ஏறக்குறைய 42 நாள். அத்தனை நாளும் தொட்டி உள்ளே இருந்தாக வேண்டும். செடி ஐந்தடி, ஆறடி வளரும் என்பது முதல் இடர்ப்பாடு. மின்வெட்டு இரண்டாவது. மூன்றாவதை எம் அப்பத்தா வாய்மொழியாக அளித்தார்: “செடிய உள்ள வச்சிட்டு இட்லி மாவ எங்கடா வைக்கிறது, ஒன் தலையிலயா?” மறுக்கத்தக்க தரவு எம்மிடம் இல்லை.

மாற்று வழியாக உள்நாட்டு உறவினரை நாடினோம். நீலகிரி, பழனி மலைகளில் தானாக வளரும் மைசூர் ராஸ்பெரிக்கு இவ்வளவு குளிர் வேண்டாம். கறுத்த பழம், வெண்சாம்பல் பூசிய தண்டு, வஞ்சகமான முள். தெற்கு ஃப்ளோரிடாவில் வீட்டுத் தோட்டத்திலேயே வளர்க்கிறார்கள். ஆனால் இதே செடி கலாபகோஸ் தீவுகளுக்குப் போய்ப் பெருங்களையாகப் படர்ந்து நிற்கிறது. சீமைக் கருவேலத்தோடு மல்லுக்கட்டி அலுத்த மாவட்டத்தில் இன்னொரு விருந்தாளியைப் பரிந்துரைக்க எமக்குத் துணிவில்லை. அப்படியே நட்டாலும், சித்திரை வெயிலில் அதற்குத் தண்ணீர் ஊற்றுபவர் செடிக்கு முன்பே வாடிவிடுவார்.

எஞ்சியது இலந்தை. ராஸ்பெரி ஆர்வலர்கள் முகம் சுளிக்கலாம், பொருத்தங்களைப் பார்க்கட்டும். ஹெரிட்டேஜ் அந்த ஆண்டுத் தண்டிலேயே காய்ப்பதால் குளிர்கால இறுதியில் தரையோடு வெட்டிவிடுகிறார்கள். இலந்தையும் புதுக்கிளையில் காய்ப்பதுதான். மாசி, பங்குனியில் தயங்காமல் கவாத்து செய்யலாம். ரகமும் உண்டு: முந்திக் காய்க்கும் கோலா, பிந்திப் பழுக்கும் உம்ரான், இடையில் பனாரசி, கைத்லி. ஒட்டுக்கன்றாக வாங்கி, எட்டு மீட்டர் இடம் விட வேண்டும். செம்மண்ணும் வறட்சியும் அதற்குப் பழக்கம். பழ ஈதான் பெரிய தொல்லை.

நாட்டு இலந்தைக்கு ரகத்தேர்வு என்று ஒன்று இதுவரை நடந்ததாகத் தெரியவில்லை. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் கொட்டையைத் துப்பிய இடமே நாற்றங்கால். பெரிய உம்ரானைவிட, அந்தச் சுண்டைக்காய்ப் பருமன் புளிப்பில்தான் இலந்தைவடை சரியாக வரும் என்பது எம் திடமான கருத்து. உப்பு, மிளகாய், பெருங்காயம், வெல்லம் சேர்த்து இடித்து வெயிலில் காயவைக்கும் அந்த வித்தைக்கு ராஸ்பெரி ஜாம் ஈடாகாது. இதில் சமரசம் இல்லை.

கடைசியாக முள். சீமை அட்டவணையில் முள்ளின்மை ஒரு சிறப்பு. இங்கே அது தகுதிக்குறைவு. ஏனெனில் அன்னவாசலில் எந்தத் தோட்ட ஆய்வையும் இறுதியாகப் பரிசீலிப்பது வெள்ளாடு. ‘ஜோன் ஜே’யை அது ஒரே அமர்வில் முழுமையாக ஏற்றுக்கொள்ளும். இலந்தையையோ உதட்டைச் சுருக்கி, தழை தழையாகப் பொறுக்கித்தான் மதிப்பிட முடியும்; அதற்குள் யாராவது கம்போடு வந்துவிடுவார்கள்.

ஆகவே கொல்லைக்கு ஓர் உம்ரான், வேலியோரம் ஒரு நாட்டு இலந்தை. வேலி தாண்டி அடுத்த வீட்டில் உதிரும் பழம் யாருக்குச் சேரும் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதைப் பங்காளிகள் பேசிக்கொள்ளட்டும்.