மேன்முறையீட்டு அண்ணை

இலங்கையில் எந்த ஊர் வாசிகசாலைத் திண்ணையிலும் இவர் ஒருவர் இருப்பார். கக்கத்தில் ஃபைல், மூக்கு நுனியில் கண்ணாடி, சேட்டுப் பையில் நீலமும் கறுப்புமாக இரண்டு பேனை. கந்தோர் உத்தியோகம் பார்த்தவரில்லை. ஆனாலும் கிராம சேவகரிடம் போகிற சனம் முதலில் இவரைக் கண்டுவிட்டுத்தான் போகும்.

1995இல் வந்த சமுர்த்தி நிவாரணத் திட்டம் இவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. உத்தியோகத்தர் வந்தால் கதிரையை எங்கே போடுவது, யாருடைய பெயரை எப்போது காதில் போடுவது எல்லாம் அத்துப்படி. 2023 ஜூலையில் அதன் இடத்துக்கு அஸ்வெசும நலன்புரித் திட்டம் வந்து அந்த வித்தையில் மண்ணைப் போட்டது. தெரிவுக்கு 22 குறிகாட்டிகள் வந்தன. படிப்பு, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப நிலை எல்லாம் கேட்டுப் பதிந்துகொண்டு போனார்கள். கணினி புள்ளி போட்டது. அப்போது மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய், வறிய குடும்பத்துக்கு 8,500, மற்ற இரு பிரிவுகளுக்கும் 5,000, 2,500 என்று வைத்தார்கள்.

கணினிக்குக் கதிரை போட முடியாதே! அண்ணை முகம் வாடித் திரிந்தார்.

பிறகு பட்டியல் வெளியானது. விடுபட்டவரும் கீழ்ப் பிரிவில் விழுந்தவரும் மேன்முறையீடு செய்யலாம், தெரிவானவருக்கு எதிராக மற்றவர் ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்றார்கள். அண்ணைக்குப் போன உயிர் திரும்பியது. நாடு முழுவதும் 9 இலட்சத்துக்கு மேல் மேன்முறையீடுகள் குவிந்தன. ஆட்சேபனைகளும் ஆயிரக்கணக்கில். ஊரின் பங்கில் முக்கால்வாசி அண்ணையின் கையெழுத்து. மேன்முறையீட்டுக்கு நீலம், ஆட்சேபனைக்குக் கறுப்பு.

5,000 ரூபாய்ப் பிரிவில் விழுந்த ஒரு பெண் வருவாள். அவளுடைய கரண்ட் பில்லை எக்ஸ்ரே பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடிப்பார்.

"யூனிட் கூடிப் போச்சே பிள்ளை. என்ன பாவிக்கிறனி?"

"தையல் மெசினுக்கு மோட்டர் பூட்டினனான் அண்ணை."

"அது சொத்தோ, சீவியமோ?"

அவள் முழிப்பாள். "சீவியம் எண்டே எழுதுவம்" என்று நீலத்தைத் திறப்பார்.

அவள் படலை தாண்டியதும் பக்கத்து வளவுக்காரர் வருவார். "மோட்டர் பூட்டின மெசின் வச்சிருக்கிறவைக்கும் காசோ?" அண்ணை மறுவார்த்தை பேசமாட்டார். கறுப்பு திறக்கும்.

சில வாரங்களில் அந்தப் பெண் விசாரணைக் கடிதத்தோடு ஓடிவருவாள். "ஆரண்ணை எனக்கு எதிரா எழுதினது?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆறுதலாக வாசிப்பார். "ஆரோ விசயம் தெரிஞ்ச ஆள்தான் பிள்ளை. ஒரு பிழை பிடிக்க ஏலாது" என்பார், சற்றே பெருமையோடு. "இரு, இதுக்கு நல்ல பதில் ஒண்டு எழுதுவம்."