மலக்கழிவு நீங்கலாக

அனுப்புநர்:
பாலக்கோடு வட்டத்தில், ஏரிக்கு மேற்கே, மூன்று சென்ட்டில் வீடு கட்டிக்கொண்ட ஒருவன்.

பெறுநர்:
உரிய அலுவலர் அவர்கள்,
உரிய துறை.

பொருள்: கழிவறைத் தொட்டி நிரம்பிவிட்டது – உரிய நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

ஐயா,

பெறுநர் என்ற இடத்தில் துறையின் பெயரைப் போடாமல் விட்டதற்குப் பொறுத்தருள வேண்டும். போடத்தான் ஆசை. மூன்று திங்கட்கிழமை மனு நாளுக்கு வந்தேன். குடிதண்ணீர் வரவில்லை என்றால் ஒரு மேஜை, தெருவிளக்கு எரியவில்லை என்றால் இன்னொரு மேஜை, கழிவறை கட்ட வேண்டும் என்றால் நாற்காலியே இழுத்துப் போடுகிறார்கள். “கட்டியாச்சுங்க, ரொம்பியும் போச்சு, உள்ள இருக்கறத எங்க கொண்டுபோய் விடறது?” என்று கேட்டால்தான் சிக்கல். ஒவ்வொருவரும் பக்கத்து மேஜையைக் காட்டினார். கடைசி மேஜை சுவரோரம் இருந்தது. அவர் சுவரைக் காட்டினார்.

பிறகு சட்டத்தைப் புரட்டினேன், சந்தேகம் தீர்ந்தது. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பிரிவு 110. சாலை போடுவது, விளக்கு எரிய வைப்பது, வடிகால் கட்டுவது, சாக்கடைத் தண்ணீரை வெளியேற்றுவது எல்லாம் கிராம ஊராட்சியின் கடமை. ஆனால் மலக்கழிவு நீர் நீங்கலாக. அந்த ‘நீங்கலாக’வில்தான் ஐயா நாங்கள் குடியிருக்கிறோம். குளித்த தண்ணீருக்கும் பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் ஊராட்சி பொறுப்பு, மற்றது அநாதை. எங்கள் தெரு வாய்க்காலில் இரண்டும் ஒன்றாகத்தான் ஓடுகின்றன. பிரிவு 110ஐப் படிக்காத தண்ணீருக்கு ஒதுங்கி ஓடத் தெரியவில்லை.

நன்றி மறந்தவன் என்று நினைக்க வேண்டாம். தூய்மை பாரத இயக்கத்தில் கழிவறைக்குக் கொடுக்கும் 12,000 ரூபாய் எனக்கும் வந்தது. கதவுக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். கல்யாணத்தில்கூட என்னை அப்படி நேராக நிற்கச் சொல்லி எடுத்ததில்லை. கதவு பதிவானது, பீங்கான் பதிவானது, என் பல் பதிவானது. குழி மண்ணுக்குள் இருக்கிறது, கேமராவுக்கு அது தெரியாது. பீங்கானுக்கு மேலே உங்கள் ஆட்சி நன்றாகவே நடக்கிறது. கீழே யாருடையது என்பதுதான் என் கேள்வி.

திட்டத்தின் கையேட்டிலும் குற்றம் இல்லை. இரட்டை உறிஞ்சுக் குழி என்பது கெட்டிக்கார யோசனை. நாலடி ஆழத்தில் இரண்டு குழி, நடுவில் ஒரு சின்னத் தொட்டி. ஒரு குழி நிரம்பச் சில வருஷம் ஆகும். நிரம்பியதும் அந்த வழியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு அடுத்ததற்குத் திருப்ப வேண்டும். அடைத்த குழி ஒன்றிரண்டு வருஷம் சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது வாடையில்லாத எருவாகிவிடும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயர், தெலங்கானாவில் கங்காதேவிபள்ளி என்ற ஊரில் அப்படியொரு குழியில் தாமே இறங்கி அள்ளிக் காட்டினார். எங்கள் ஊருக்கும் அப்படி யாராவது வந்திருக்கலாம். வந்தவர் மேஸ்திரிதான்.

“நாலடிக் குழியா? அது எலி வளைங்க” என்றார். “ஒன்னே ஒன்னு, ஆழமா, பெருசா போட்டுட்டா உங்க பேரன் காலம் வரைக்கும் தொறக்க வேணாம்.” என் ஆயுளில் எனக்குக் கிடைத்த ஒரே நீண்டகாலத் திட்டம் அது. பாறை என்பதால் கம்ப்ரசர் வைத்துப் பன்னிரண்டடி உடைத்து, ரிங் இறக்கினோம். அடியைப் பூசவில்லை. “பூசாம விட்டா தண்ணி பூமிக்குப் போயிடும்” என்றார் மேஸ்திரி.

எங்கள் பூமி எது என்று உங்களுக்குத் தெரியாததா? கடப்பாரை பட்டால் பொறி பறக்கிற கருங்கல். மண்ணாக இருந்தால் வடிகட்டி மெதுவாக விடும். கருங்கல்லில் போவதற்கு வெடிப்புதான் வழி, நேராகப் போகும். போர்வெல்லுக்குத் தண்ணீர் வருவதும் அதே வெடிப்பில்தான். குழிக்கும் கிணற்றுக்கும் 10 மீட்டர் இடைவெளி வேண்டுமாம், அதாவது முப்பத்து மூன்று அடி. என் மனையின் அகலமே முப்பது. கையேடு கேட்கும் தூரத்தில் குழி தோண்டினால் அது பக்கத்து வீட்டு அடுப்படியில் வரும். கல்லாங்குத்தில் குழியைச் சுற்றி மணல் கொட்டி, அடியைக் களிமண்ணால் அடைத்து, தேவைப்பட்டால் தரைக்கு மேலே உயர்த்திக் கட்டலாம் என்றும் வழி இருக்கிறது. அதை மேஸ்திரிக்குச் சொல்ல ஒரு மேஜை இல்லை.

இந்த மாவட்டத்துப் பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கிய ஃபுளோரைடை விரட்ட ஜப்பானில் கடன் வாங்கி, ஒகேனக்கலிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்தீர்கள். 2013இல் திறந்தார்கள், கையெடுத்துக் கும்பிட்டோம். இப்போது ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்குத் தினம் 55 லிட்டர் என்கிறீர்கள். வாய் திறந்து வாங்கிக்கொள்கிறோம். ஆனால் வந்த தண்ணீரில் ஐந்தில் நாலு பங்கு கழிவாக வெளியே வரும் என்பது உங்கள் பொறியாளர்களின் கணக்கு. முந்நூறு வீடு, வீட்டுக்கு ஐந்து பேர் என்று வையுங்கள், நாளுக்கு 66,000 லிட்டர். ஆறாயிரம் லிட்டர் லாரி என்றால் பதினொரு லாரி. உள்ளே கொண்டுவர குடிநீர் வாரியம், மோட்டார், ஆபரேட்டர். வெளியே போக, ஏரி.

பேரன் காலம் வரை வரும் என்ற தொட்டி ஏழே வருஷத்தில் பொங்கியது. பேரன் இன்னும் பிறக்கவில்லை. பாலத்துச் சுவரில் எழுதியிருந்த நம்பருக்குப் போன் போட்டேன். லாரி இருட்டிய பிறகு வந்தது. “எங்கண்ணா கொட்டுவீங்க?” என்று கேட்டேன். “சுத்தம் பண்ற பிளான்ட் இருக்கற ஊருக்குப் போனா டீசலுக்கே கட்டாதுங்கண்ணா” என்றார், அதற்கு மேல் பேசவில்லை. குழாயை விட்டார். மேலே இருந்ததை உறிஞ்சியது, அடியில் இறுகிக் கிடந்ததை உறிஞ்சவில்லை. “ஆள எறக்கிக் கலக்கி விடணும். முன்னெல்லாம் எறங்குவாங்க. நான் எறக்க மாட்டேன்” என்று குழாயைச் சுருட்டினார். பன்னிரண்டடி ஆழத்தில் விஷவாயு எப்படிக் காத்திருக்கும் என்பது கையேடு படிக்காத அவருக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலை ஏரி உள்வாயில் ஆடு மேய்க்கப் போன பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினான். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடுமோ என்று பயம்.

பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. தூய்மை பாரதத்தின் இரண்டாம் கட்டத்திலோ கசடுக் கழிவு மேலாண்மைக்கு ஆளுக்கு 230 ரூபாய் வரை ஒதுக்கலாம் என்று இருக்கிறது. கட்டும்போது 12,000, செத்தால் 30 லட்சம், நடுவில் உயிரோடு இருக்கும் காலத்துக்கு 230. வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

வழியே இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது, தமிழ்நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். மதுராந்தகம் பக்கம் கருங்குழிப் பேரூராட்சியில் 2017 முதல் லாரிச் சரக்கை வாங்கி, படுகையில் காயவைத்து, தண்ணீரைத் தனியே சுத்தம் செய்கிறார்கள். காவிரிக்கரையில் முசிறியில் மலமும் சிறுநீரும் தனித்தனியே விழும் பொதுக்கழிவறை கட்டி, வந்து போகிறவர்களுக்குச் சில்லறை கொடுத்தார்கள். கட்டணம் வாங்கவில்லை, கொடுத்தார்கள்! இந்தச் செய்தியை மட்டும் எங்கள் ஊரில் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். மேஜையே இல்லாத இடத்தில் வரிசை நின்றுவிடும்.

எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். நாலைந்து ஊராட்சிக்குப் பொதுவாக, டீசல் கட்டுகிற தூரத்தில் ஒரு காயவைக்கும் படுகை. வாய்க்கால் ஏரியில் சேரும் இடத்தில் ஜல்லியும் கல்வாழையும் போட்ட ஒரு பாத்தி. மேஸ்திரிகளைக் கூப்பிட்டு ஒரு நாள் உட்கார வைத்துப் பேச ஓர் ஆள். பேச வருகிற அவருக்கு ஒரு மேஜை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பயனாளி.

இணைப்பு: ஒரு பாட்டில். எங்கள் தெரு வாய்க்காலில் இன்று காலை பிடித்தது. மூடியை மெதுவாகத் திறந்து, முகர்ந்து பார்த்து, எந்தத் துறையைச் சேர்ந்தது என்று எழுதி அனுப்பவும். பதிலுக்கு அஞ்சலட்டை வைத்திருக்கிறேன்.