ராத்திரியில் சூரியன்

ஆப்பிரிக்காவில் அப்படி வெயில் கொளுத்துகிறதே, பிறகு ஏன் பல வீடுகளில் இருட்டு?

கடலோரத்துக்காரர் வீட்டுக் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை? அதே கதைதான் இதுவும். உலகின் மிகச்சிறந்த சூரிய ஒளி வளத்தில் 60 சதவீதம் அந்தக் கண்டத்தில்தான். உலகில் நிறுவப்பட்ட சோலார் திறனில் அதன் பங்கோ சுமார் 1 சதவீதம் என்று 2022-ல் சர்வதேச எரிசக்தி முகமை கணக்குக் காட்டியது. சோலாருக்கு எரிபொருள் செலவு கிடையாது, ஆனால் போடும்போதே மொத்தப் பணமும் வேண்டும். அந்தப் பணம் ஏழை நாடுகளுக்கு அதிக வட்டியில்தான் கிடைக்கிறது.

மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்கு, கென்யாவில் ‘எம்-கோபா’ நிறுவனம் 2012-ல் செல்போன் வழியே சின்னச் சின்னத் தவணையில் வீட்டு சோலார் தரத் தொடங்கியது. கட்டினால் விளக்கு எரியும், கட்டாவிட்டால் அணையும், முழுதும் கட்டி முடித்தால் நமக்கே சொந்தம்!

சரி, ராத்திரியில் உங்கள் சூரியன் என்ன செய்வாராம்?

மொராக்கோவில் ஓவர்டைம் பார்ப்பார்! வார்சாசாத் அருகே நூர் மின்நிலையத்தில், கண்ணாடிகள் குவிக்கும் வெப்பத்தை உருகிய உப்பில் சேமித்து, பொழுது சாய்ந்த பிறகும் மின்சாரம் எடுக்கும் வசதி உண்டு.

ஆப்பிரிக்காவில் சுமார் 60 கோடிப் பேருக்கு இன்னும் மின்சாரம் இல்லை. குறைந்த வட்டிக் கடன் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.